ஒரே ஒரு கிளாஸ்

“குடிப்பழக்கம் உண்டா?” என்று உம்மே ஹானி கேட்டதும் டயானா சிரித்துவிட்டாள்.

உம்மே ஹானி அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். எடை குறைய வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் டயானாவுக்கு அதைவிட வேடிக்கையான கேள்வி இருக்க முடியாது. பட்டினப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். கீழ்வீட்டுக் குப்பன் சாயங்காலமானால் எந்த லட்சணத்தில் வீடு திரும்புவான், அவன் பெண்டாட்டி கெங்கம்மா எந்தெந்த வார்த்தைகளால் அவனை வரவேற்பாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். குடி என்றால் அதுதான். டாஸ்மாக் வாசல், பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய் பாக்கெட், தெருவோடு போகிற மானம்.

“ஐயோ மேடம், எங்க வூட்ல ஆம்பளைங்களே தொடமாட்டாங்க” என்றாள்.

அவளைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுவார்கள், அவ்வளவுதான். ஒயின் எப்படி ஐயா குடியாகும்? அது கேக்கோடு சேர்ந்தது, கல்கல் பலகாரத்தோடு சேர்ந்தது. ஃபாதர் வீட்டுக்கு வந்தால் அவருக்கும் ஒரு கிளாஸ் உண்டு. பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட விரல் நுனியில் ஒரு சொட்டு உண்டு. அதைப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து குடிப்பழக்கம் என்று சொன்னால் செத்துப்போன அம்மாவே எழுந்து வந்து அறைவாள். அதனால், “ஆபரேஷனுக்கு அப்புறம் மது கூடவே கூடாது, உங்க உடம்பு தாங்காது” என்று உம்மே ஹானி நிதானமாக எடுத்துச் சொன்னதை எல்லாம், குப்பனுக்குச் சொல்கிற புத்திமதிபோல டயானா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

டயானாவுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. டி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. சேலை விரித்துக் காட்டுகிற இடத்தில் நிற்க வைக்காமல் பில் மேசைக்குப் பின்னால் உட்கார வைத்ததற்குக் காரணம் அவளுடைய சுறுசுறுப்பு என்றுதான் முதலாளி சொன்னார். நிஜக் காரணம் கடையில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பெண் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான். வந்தார்கள், அவள் கையால் பொரித்த மீனைச் சப்புக்கொட்டித் தின்றார்கள், போனார்கள். அப்புறம் முழங்கால் போனது, சர்க்கரை வந்தது. டாக்டர் ஆபரேஷன் என்றார், சரி என்றாள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு வருஷத்தில் ஆளே பாதியாகிவிட்டாள். தெருவில் மூக்கின்மேல் விரல் வைக்காதவர் இல்லை. ஆனால் பாராட்டு என்பது எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு மாதம் பேசினார்கள். பிறகு அவள் ஒல்லியாக இருப்பது எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது.

பழகாதது அவள் சாப்பாடுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மந்தைவெளியில் இருக்கும் அண்ணன் ஆண்டனி வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு. அது எத்தனையோ வருஷப் பழக்கம். இறால் தொக்கில் உப்புப் பார்ப்பது அவள், அண்ணிக்கு எதிரே முதலில் உட்கார்வதும் அவள், கடைசியில் எழுந்திருப்பதும் அவள். அவள் தட்டில் சோறு இருக்கும்வரை யாரும் கையைக் கழுவமாட்டார்கள்; கை காயக் காயப் பேசிக்கொண்டிருப்பார்கள். கடைச் செய்தி, தெருச் செய்தி, அண்ணன் மகள் ஜெனிதாவின் காலேஜ் செய்தி எல்லாம் அந்த நேரத்தில்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு நாலு வாய்தான் இறங்கும். ஐந்தாவது வாய் நெஞ்சில் நிற்கும், கண்ணில் நீர் வரும், குளியலறைக்கு ஓடவேண்டும். அண்ணி அவளுக்கென்று ஜெனிதா சின்ன வயதில் சாப்பிட்ட கிண்ணத்தைத் தேடி எடுத்து வைத்தாள். நல்லெண்ணத்தில்தான். ஆனால் நாலு வாயை முடித்துவிட்டு டயானா உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நீ பாத்துக்கினு இருக்க, நாங்க துன்னுக்கினு இருக்க, ஒரு மாதிரியா கீது டயானா” என்றான் ஆண்டனி.

அடுத்த வாரம் அண்ணி போனில் கூப்பிட்டு, “நீதான் சாப்பிடமாட்டியே, வெயில்ல எதுக்கு அலையற?” என்றாள். அதற்கடுத்த வாரம் போனே வரவில்லை. கடையிலும் நாலு மணி பஜ்ஜிக்கு அவளைக் கூப்பிடுவது நின்றுபோனது. யாருக்கும் அவள்மேல் கோபமில்லை, வருத்தமில்லை. அதுதான் கொடுமை. கோபம் என்றால் போய்ச் சண்டையாவது போடலாம். அவள் தனியாகிப்போனாள், இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு அறை வீட்டில் சாயங்காலம் வந்து உட்கார்ந்தால், மறுநாள் கடையில் முதல் பில் போடும்வரை அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

குடும்பத்துக்கு ஒயின் போடுவது அம்மாவுக்குப் பிறகு டயானாவின் பொறுப்பு. அந்த ஒரு வேலையை மட்டும் யாரும் அவளிடமிருந்து எடுக்கவில்லை. பன்னீர் திராட்சையைக் கழுவி ஈரம்போகத் துடைத்து, சர்க்கரை சேர்த்து மசித்து, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் கிராம்பு, பட்டை போட்டு, பீங்கான் ஜாடியில் ஊற்றி வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினாள். பதமானதும் வடிகட்டி, ருசி பார்க்க ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள். வேறு யாரும் ருசி பார்க்கக்கூடாது. போட்டவள் நாக்குதான் பார்க்கவேண்டும்.

முன்பெல்லாம் மூன்று டம்ளர் ருசி பார்த்துவிட்டு உட்கார்ந்து ஒரு கூடை வெங்காயம் உரித்தவள் அவள். அன்றைக்கு ஒன்று முடிவதற்குள் காது சுட்டது. முழங்கால் இருக்கிற இடம் தெரியவில்லை. நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாரில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இளகி இறங்கியது. வெகுநாள் கழித்து அந்த வீடு யாரோ வந்துபோகிற வீடுபோல இருந்தது. ஜெனிதாவுக்குப் போன் போட்டு என்னென்னவோ பேசினாள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. சோறு நாலு வாயில் நின்றுவிடும். ஒயின் நிற்கவில்லை. உலகத்தில் அவளால் முழுசாக முடிக்க முடிந்த பதார்த்தம் அது ஒன்றுதான்.

கிறிஸ்துமஸ் ஜாடி தீர்ந்தது. ஈஸ்டருக்கு என்று இன்னொரு ஜாடி போட்டாள். மாதா திருவிழாவுக்கு என்று ஒன்று. அப்புறம் எந்தத் திருநாளும் இல்லாமலே போட்டாள். தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்து, குளித்து, நாலு வாய் சோறு தின்று, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு டம்ளர். பிறகு இரண்டு. ஒயின்தானே! அதைக் குடி என்று நினைக்க அவளுக்குத் தோன்றவேயில்லை என்றால் அது முழு உண்மையில்லை. தோன்றியது. தோன்றினால், டம்ளரை எடுக்கும் முன்பே கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒருநாள் மீன் வாங்கப் போனபோது, மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கெங்கம்மா மூக்கை உறிஞ்சினாள். “இன்னா டயானா, எந்நேரமும் கிராம்பு வாசன வருது?”

“பல்லு வலிக்கிதுக்கா.”

“அதான பாத்தேன்” என்று சொல்லிவிட்டு கெங்கம்மா இரண்டு சங்கரா மீனைப் பையில் போட்டாள். முன்பு அவளுக்காகவே வஞ்சிரத் தலையை எடுத்துவைத்தவள்.

இதற்குள் ஜெனிதாவுக்குக் கல்யாணமாகி, பிரசவத்துக்கு மந்தைவெளிக்கே வந்திருந்தாள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்க்கப் போன டயானாவிடம் அவள் கேட்டாள்: “அத்த, ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தாய். சரியா?”

“நானா? உங்க மாமியார் வூட்டு சைடுல யாராச்சும்...”

“யாரும் வேணாம். நீதான். வேற யாரு எனக்கு?”

டயானா அங்கேயே அழுதாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மனுஷி அவளை நீதான் வேண்டும் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை ஞானத்தாய்தான் கொண்டுவர வேண்டும்; கடையிலேயே நல்ல துணியாகப் பார்த்து எடுத்து, கழுத்துக்கு லேஸ் வைத்து, இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். விருந்துக்கான ஒயினும் அவள்தான் போட்டாள். ஆனால் அந்த வாரம் முழுக்க ஒரு சொட்டு தொடவில்லை. பிள்ளையைத் தூக்கப் போகிற கை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இதை நான் சொல்கிறேன், நீங்களாவது நம்புங்கள்.

கோயிலில் எல்லாம் நன்றாக நடந்தது. தண்ணீர் ஊற்றும்போது குழந்தை சிணுங்கக்கூட இல்லை. டயானாவின் கையில் அப்படி ஒட்டிக்கொண்டது. படபடப்பில் அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கோயிலை ஒட்டிய ஹாலுக்கு எல்லோரும் வந்தார்கள். கேக் வெட்டியாயிற்று. அப்புறம் டோஸ்ட். அவர்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஞானத்தாய் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் கிளாஸைத் தூக்கி, எல்லோருக்கும் முன்னால் முதலில் காலி செய்யவேண்டும். மிச்சம் வைத்தால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள்.

ஆண்டனி உயரமான கிளாஸில் விளிம்புவரை ஊற்றினான். “உன் கையால போட்டது, நீயே தொடங்கு” என்றான்.

டயானா ஒரு கணம் தயங்கினாள். ஒரு கிளாஸ்தானே என்று நினைத்தாள். வீட்டில் அது வெறும் தொடக்கம். ஆனால் வீட்டில் அவள் குடிப்பது நாற்காலியில் உட்கார்ந்து. அதற்குப் பிறகு எழுந்து நிற்கவேண்டிய அவசியம் அவளுக்கு எந்த நாளும் வந்ததில்லை. எழுந்து யாருக்குக் கதவு திறக்க, யாருக்குச் சோறு போட? அதனால் ஒரு கிளாஸ் தன் காலை என்ன செய்யும் என்பது அவளுக்கே தெரியாது. குடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. குழந்தையோடு சுவரோரம் நின்ற டயானாவுக்குக் காது சுட்டது. பிறகு தரை சாய்ந்தது. ஐயோ, பிள்ளை! ஜெனி என்று கூப்பிட்டாள். குரல் தொண்டையைத் தாண்டவில்லை. எல்லோருடைய முதுகும் அவளுக்குத் தெரிந்தது. முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. முழங்கால் மடிவதற்கு முன்னால் அவள் சுவரில் முதுகை அழுத்தி, குழந்தையை மாரோடு சேர்த்து இரண்டு கையாலும் பூட்டிக்கொண்டு, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த நாற்காலி சரிந்து, அதன்மேல் அவள் வைத்திருந்த காலி கிளாஸ் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் திரும்பினார்கள்.

குழந்தை கண் திறக்கக்கூட இல்லை. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள். ஆனால் யார் அதைப் பார்த்தார்கள்? அண்ணி ஓடிவந்து பிடுங்கினாள். உலுக்கியதில் அது அப்போதுதான் வீறிட்டது.

“எத்தினி கிளாஸ் அடிச்ச?” ஆண்டனியின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

“ஒண்ணுதாண்ணா. நீதான ஊத்தின.”

யாரோ சிரித்தார்கள். “வூட்ல போட்ட ஒயின் ஒரு கிளாஸ்ல யாருக்குப்பா கால் போவும்?”

ஜெனிதா அவளருகே குனிந்தாள். முகம் வெளுத்திருந்தது. “அத்த, உண்மைய சொல்லு. நீ வூட்ல குடிக்கிறியா? போன்ல பேசும்போதெல்லாம் உன் பேச்சு ஒரு மாதிரி கொழறும். நான் தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்.”

“சத்தியமா இல்லமா. ஒண்ணுதான் குடிச்சேன். வூட்ல எல்லாம் இல்ல.”

உண்மையும் பொய்யும் ஒரே மூச்சில் வந்தன. ஜெனிதா இரண்டையும் சேர்த்தே தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

விருந்துக்கு வந்திருந்த கெங்கம்மாதான் டயானாவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வழியெல்லாம் டயானா, “ஒண்ணே ஒண்ணுதாங்கா, நம்பு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கெங்கம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: “என் வூட்டுக்காரனும் அத்தான் சொல்லிக்கினு கீறான், ஒண்ணே ஒண்ணுன்னு. போய்ப் படு.”

குப்பனோடு சேர்த்துவிட்டாளே என்று டயானாவுக்கு வயிறு எரிந்தது. அப்புறம் அந்த எரிச்சலும் போய், வெறும் பயம்தான் மிஞ்சியது. இனிமேல் பிள்ளையைத் தரமாட்டார்கள். போன் போட்டாள், ஜெனிதா எடுக்கவில்லை. அண்ணன் எடுத்து, “வேல கீது, அப்புறம் பேசறேன்” என்று வைத்தான்.

கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு அடையாறுக்குப் போனாள். உம்மே ஹானி அவளைப் பார்த்ததும், “செக்கப்புக்கு வரவே இல்லையே நீங்க!” என்றாள். டயானா உட்காரும் முன்பே கேட்டாள்: “மேடம், ஒரே ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சா எனக்குக் கால் போவுமா?”

“போகும். அதைத்தானே அன்னிக்கே சொன்னேன்.”

“நீங்க குடியப் பத்தி சொன்னீங்க. இது எங்க வூட்டு ஒயின்.”

உம்மே ஹானி சிரிக்கவில்லை. “முன்னாடி உங்க வயிறு ஒரு பை மாதிரி இருந்துச்சு. குடிச்சது அதுல கொஞ்ச நேரம் தங்கும், மெதுவாத்தான் கீழ போகும். இப்ப இருக்கறது வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாய். ஊத்தினது நேரா குடலுக்குப் போய் ரத்தத்துல ஏறிடும். மத்தவங்களுக்கு ரெண்டு மூணு கிளாஸ் செய்யறதை உங்களுக்கு ஒண்ணு செஞ்சிடும். அதுவும் வெறும் வயித்துல குடிச்சா கேக்கவே வேணாம். அது வீட்ல போட்ட ஒயினா, கடையில வாங்கினதான்னு உடம்புக்குத் தெரியாது.”

டயானாவுக்குக் கண் நிறைந்தது. அப்பாடா, ஒருத்தி நம்பிவிட்டாள்! “இத எங்க ஜெனிதாகிட்ட போன்ல சொல்றீங்களா மேடம்? நீங்க சொன்னா நம்புவா.”

“சொல்றேன். எதைச் சொல்லணும்? அன்னிக்கு ஒண்ணுதான்னு மட்டுமா?” உம்மே ஹானி அவள் முகத்தையே பார்த்தாள். “மத்த நாளையும் சேர்த்துச் சொல்லணுமா?”

டயானா சேலை நுனியை முறுக்கினாள், விட்டாள், மறுபடி முறுக்கினாள். “தினம் குடிக்கிறேன் மேடம்” என்றாள். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

“உங்களை மாதிரி இன்னும் சிலபேர் வந்திருக்காங்க” என்றாள் உம்மே ஹானி. “சாப்பாடு போன இடத்துல இது வந்து உக்காந்துக்கும். இதுக்குப் பேசவேண்டிய டாக்டர் மேல் மாடியில இருக்காங்க, நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா ஜெனிதாகிட்ட நீங்கதான் பேசணும்.”

மறுநாள் பிற்பகல் டயானா மந்தைவெளிக்குப் போனாள். கதவைத் திறந்த அண்ணி வா என்று சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். ஜெனிதா கூடத்தில் குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தூளியில் குழந்தை.

டயானா நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்லமாட்டோம் என்று பயம்.

“அன்னிக்கு ஒண்ணுதான் குடிச்சேன் ஜெனி. அது சத்தியம். ஆபரேஷன் பண்ண ஒடம்பு, ஒண்ணே தாங்காதாம். டாக்டரம்மா சொன்னாங்க. வூட்ல தெனம் குடிக்கிறேன். அதுவும் சத்தியம். அன்னிக்கு உங்கிட்ட பொய் சொன்னேன்.”

ஜெனிதாவின் கை நின்றது. “எப்பலேந்து?”

“போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ்லேந்து.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல அத்த?”

“எப்ப சொல்றது?” என்றாள் டயானா. “சோறு துன்னும்போது மட்டும்தான நீங்கல்லாம் எங்கிட்ட பேசுவீங்க.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“ஜாடில இன்னும் பாதி கீது” என்றாள் டயானா. “கொட்டலாம்னு நாலு தடவ எடுத்தேன். மனசு வரல. நீ வந்து கொட்டிடுவியா?”

ஜெனிதா பதில் சொல்வதற்குள் குழந்தை அழுதது. பழக்கத்தில் டயானாவின் இரண்டு கையும் முன்னால் நீண்டன. ஜெனிதா குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்தாள். நீண்ட கைகளைப் பார்த்தாள். டயானாவுக்கு அவற்றை மடக்கிக்கொள்ளவும் தெரியவில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை.

“உக்காரு அத்த” என்றாள் ஜெனிதா. “கீழ, சொவத்துல சாஞ்சி உக்காரு.”

டயானா தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். இன்றைக்கு அவள் ஒன்றும் குடிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள், கால் இரண்டும் உறுதியாகத்தான் இருந்தன. அதைச் சொல்லவில்லை. ஜெனிதா குழந்தையை அவள் மடியில் வைத்தாள். தானும் ஒட்டி உட்கார்ந்தாள். குழந்தையின் தலைக்கு அடியில் இருந்த தன் கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

“ஞாயித்துக்கிழம வரேன், ஜாடிய கொட்டிடலாம்” என்றாள்.

டயானா தலையாட்டினாள். குழந்தை இரண்டு தடவை விசும்பிவிட்டு, அவள் மாரில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போனது. அது தூங்கிய பிறகும் ஜெனிதாவின் கை அங்கேயே இருந்தது.